ஃபில்டர் பண்ணியும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு எடுத்த செல் ஏன் திரும்பத் திரும்ப கட்டியாகுது?

ஈடிடிஏ (கால்சியம், மெக்னீசியத்தைப் பிடிச்சு வச்சுக்கிற கெமிக்கல்) போட்டு வடிகட்டியும் கட்டி விழுதுன்னு கேட்டிருக்கீங்க. பிளேட்ல ஒட்டி வளர்ற செல்லை, டிரிப்சின்ங்கிற கழட்டி விடுற என்சைம் போட்டு எடுக்கறீங்கன்னு வச்சுக்கிட்டே சொல்றேன். 40 மைக்ரான் ஸ்ட்ரெயினர் அந்த நேரத்துல இருக்கிற கட்டியை மட்டும்தான் பிடிக்கும், செத்த செல்லுல இருந்து வெளிய வந்த டிஎன்ஏ பசை மாதிரி டியூப்லயேதான் கிடக்கும், செல்லை ஒவ்வொண்ணா பாத்து எண்ணுற ஃப்ளோ சைட்டோமெட்ரி மெஷினுக்குக் காத்திருக்கிற நேரத்துல மறுபடி எல்லாத்தையும் சேர்த்து ஒட்டிடும்.

எங்க லேப்ல வழிவழியா வந்த புரோட்டோகால்ல ஈடிடிஏ பஃபர்லயே டிஎன்ஏஸ் 1 (டிஎன்ஏவை வெட்டுற என்சைம்) போடணும்னு இருந்துச்சு, அப்பவும் கட்டி வந்தா இன்னும் கொஞ்சம் ஈடிடிஏ ஏத்துன்னு சீனியர்ஸ் சொல்வாங்க. எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு, ஏன்னா டிஎன்ஏஸ் வேலை செய்ய மெக்னீசியமும் கால்சியமும் வேணும், ஈடிடிஏ பிடிச்சு வச்சுக்கிறதே அந்த ரெண்டையும்தானே. அதனால ரெண்டையும் தனித்தனியா பிரிச்சேன். டிரிப்சினை நிறுத்தி வாஷ் பண்ணதும், ஈடிடிஏ இல்லாத பஃபர்ல 5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராம் டிஎன்ஏஸ், ரூம் டெம்பரேச்சர்ல 15 நிமிஷம். அப்புறம் கால்சியம் மெக்னீசியம் இல்லாத பிபிஎஸ்ல (உப்பு பஃபர்) 2 மில்லிமோலார் ஈடிடிஏ, 1% பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரோட்டீன்) போட்டு கழுவி, அதுலயே ஐஸ்ல வச்சேன். சீரம் போடல, அதுலயே கால்சியம் இருக்கு. கட்டி நின்னுடுச்சு.

இப்ப லேப்ல எல்லாரும் இதைத்தான் பண்றாங்க, புது ஆளுங்களுக்கு சொல்லிக்கொடுக்கிறப்ப ஒருத்தர் வாயிலயும் என் பேர் வராது, பேப்பர்ல பேர் போடுன்னா கேக்கறேன், இதை யார் சரி பண்ணாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல.

ஈடிடிஏ வேண்டாம்னு நான் சொல்லவே இல்ல, அதுக்கு சண்டைக்கு வராதீங்க. செல்லுக்கு செல் பிடிச்சு வைக்கிற கேட்ஹெரினுக்கு கால்சியம் வேணும், அதை எடுக்க ஈடிடிஏ தேவைதான், வரிசைதான் முக்கியம். சாகிற செல்லைக் காட்டற அனெக்சின் ஸ்டெயினிங் பண்றவங்க மட்டும் ஸ்டெயினுக்கு முன்னாடி ஈடிடிஏவைக் கழுவி எடுத்துடணும், அனெக்சின் ஒட்டவே கால்சியம் வேணும்.

சென்ட்ரிஃப்யூஜ் 300 ஜி, 5 நிமிஷம் போதும். அடியில சேர்ற செல் பெல்லட்டை முதல்ல விரலால தட்டி கலைச்சுட்டு அப்புறம் பஃபர் ஊத்துங்க. பிளேட் முழுக்க நிரம்பி வழியற அளவுக்கு வளர விட்டு எடுக்காதீங்க, டிரிப்சின்ல ரொம்ப நேரமும் விடாதீங்க, சாகிற செல் அங்கதான் கூடுது. ஒரு தடவை டிரிபான் புளூ (செத்த செல்லை நீலமாக்குற சாயம்) போட்டு எவ்வளவு செத்திருக்குன்னு எண்ணிப் பாருங்க, நிறைய இருந்தா எந்த பஃபரும் காப்பாத்தாது, கல்ச்சரையே சரி பண்ணணும்.