பனிமலையில் ஒரு சீசன் வேலை: கன்சல்டன்சிக்கு எதற்கு மூன்றரை லட்சம்?

கேள்வி: திருப்பூரில் இருக்கிறேன், வயது 26. கேட்டரிங் பட்டம் முடித்து ஓட்டல் ஒன்றில் ஃப்ரன்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஆஸ்திரேலியாவின் 'ஒர்க் அண்ட் ஹாலிடே' விசா குலுக்கலில் என் பெயர் வந்திருக்கிறது. அங்கே ஒரு குளிர்காலம் முழுக்கப் பனிமலை ரிசார்ட்டில் வேலை செய்துகொண்டே பனிச்சறுக்கும் கற்றுக்கொள்ள ஆசை. ரிசார்ட் வேலை, பனிச்சறுக்குப் பயிற்றுநர் சான்றிதழ், இரண்டாம் ஆண்டு விசா மூன்றுக்கும் சேர்த்து மூன்றரை லட்சம் ரூபாய் கேட்கிறது ஒரு கன்சல்டன்சி. கொடுக்கலாமா? இப்போதே வேலையை விட்டுவிடலாமா? அடிபட்டால் யார் பார்ப்பார்கள் என்று அம்மா பயப்படுகிறார்.

பதில்: கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். 462 என்ற எண் கொண்ட இந்த விசாவுக்கு வேலை உத்தரவுக் கடிதமே தேவையில்லை. யாரும் உங்களுக்கு ஸ்பான்சராக நிற்க வேண்டியதும் இல்லை. பள்ளிப் படிப்புக்கு மேல் குறைந்தது இரண்டு ஆண்டு படித்ததற்குச் சான்று, ஓரளவு ஆங்கிலம் தெரியும் என்பதற்குச் சான்று (ஐஇஎல்டிஎஸ் தேர்வில் சராசரி 4.5 போதும்), கணக்கில் 5,000 ஆஸ்திரேலிய டாலர், அதுபோக ஊர் திரும்ப டிக்கெட்டுக்குப் பணம். முக்கியமாகக் கேட்பது இவ்வளவுதான். 5,000 டாலர் என்பது ஏறக்குறைய 3 லட்சம் ரூபாய். கன்சல்டன்சிக்குத் தூக்கிக் கொடுக்கப் பார்க்கிற பணம் உங்கள் கணக்கிலேயே கிடந்தால், பணம் காட்ட வேண்டிய கவலை தீர்ந்தது.

இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் 2022-இல் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தால் வந்த விசா இது. 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1,000 இடம். இத்தனை கோடி ஜனம் உள்ள நாட்டுக்கு ஆயிரமே ஆயிரம் இடம், அதற்கும் 2024 முதல் கம்ப்யூட்டர் குலுக்கல். குலுக்கலில் பதிய 25 டாலர், ஒரு பாஸ்போர்ட், ஒரு பான் எண் போதும். இதற்கே 'ஸ்பெஷல் கோட்டா', 'ப்ரையாரிட்டி ரெஜிஸ்ட்ரேஷன்' என்று ஆயிரக்கணக்கில் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஒருமுறைதான் பதிய முடியும், பெயரை எடுப்பது இயந்திரம். இதில் ஏஜென்ட் எதை முன்னுரிமையாக வாங்கித் தந்தார் என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் பெயர் வந்தவர்களில் பலர், 'அவர்தான் வாங்கிக் கொடுத்தார்' என்று நம்பிக்கொண்டு அடுத்த தவணையையும் கட்டுகிறார்கள்.

இப்போது உங்களுக்கு முக்கியம் தேதி. அழைப்பு மின்னஞ்சல் வந்த நாளிலிருந்து 28 நாளுக்குள் விசா விண்ணப்பத்தை ஆன்லைனில் நீங்களே போட்டாக வேண்டும். அந்தக் கெடு தவறினால் மறுபடி குலுக்கல்தான். ஏஜென்ட் 'ஆஃபர் லெட்டர் வந்ததும் சேர்த்துப் போடலாம்' என்று இழுத்தடிப்பார், இருபத்தைந்தாவது நாள் 'அவசரம், முழுப் பணத்தையும் கட்டுங்கள்' என்பார். இந்த நாடகத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். விசா கைக்கு வரும்வரை வேலையையும் ராஜினாமா செய்யாதீர்கள். விசா கிடைத்த பிறகு அங்கே போய் இறங்க 12 மாதம் அவகாசம் உண்டு. இறங்கிய நாளிலிருந்துதான் உங்கள் ஓராண்டுக் கணக்கு தொடங்கும். அங்கே பனிக்காலம் ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை. அதற்கு ஏற்பப் பயணத் தேதியை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்த 'உறுதியான வேலை'. ரிசார்ட் சின்னம் போட்ட கடிதம் ஒன்றை வாட்ஸ்அப்பில் காட்டியிருப்பார்கள். உங்களை யாராவது வீடியோவில் பேட்டி எடுத்தார்களா? கடிதத்தை அனுப்பிய மின்னஞ்சல் ரிசார்ட்டின் சொந்த முகவரியா, ஜிமெயிலா? வேலையின் பெயர், ஒரு மணிநேரச் சம்பளம், தங்கும் அறைக்கு வாரம் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற மூன்றும் கடிதத்தில் உண்டா? பெரிய ரிசார்ட்டுகள் பேட்டி எடுக்காமல் யாரையும் சேர்ப்பதில்லை. போலிக் கடிதத்தை விசா விண்ணப்பத்தோடு இணைத்து மாட்டிக்கொண்டால், விசாவும் போகும், 3 ஆண்டுத் தடையும் வரும். தடை உங்கள் பெயரில் விழும், கன்சல்டன்சி அடுத்த மாதம் வேறு போர்டு மாட்டிக்கொள்ளும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறவர் மத்திய அரசில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவரும் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர வாங்கக் கூடாது. அதனால்தான் உங்கள் ரசீதில் 'ஆள்சேர்ப்பு' என்ற சொல்லே இருக்காது. 'ட்ரெயினிங் ஃபீஸ்', 'டாக்குமென்டேஷன் சார்ஜ்' என்று இருக்கும். புகார் கொடுக்கப் போனால், 'பயிற்சிக்குத்தானே சார் கட்டியிருக்கிறீர்கள்' என்று நம்மையே கேட்பார்கள். மாவட்டம்தோறும் இத்தனை போர்டுகள் தொங்குகின்றன. அவற்றில் எதற்குப் பதிவு இருக்கிறது என்று தெருவில் இறங்கிப் பார்க்க ஆள் இல்லை. மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்றவர் பட்டியல் இருக்கிறது. நாமே தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, வேலைக்கு எப்படிப் போவது? நேராகத்தான். நியூ சவுத் வேல்ஸில் பெரிஷர், திரெட்போ; விக்டோரியாவில் ஃபால்ஸ் கிரீக், ஹோதம், புல்லர் ஆகிய பனிமலை ரிசார்ட்டுகள் இருக்கின்றன. குளிர்கால வேலைகளுக்கு ஆண்டின் முதல் சில மாதங்களிலேயே அவரவர் இணையதளத்தில் விண்ணப்பம் வாங்கத் தொடங்கிவிடுவார்கள். கட்டணம் கிடையாது. உங்கள் ஃப்ரன்ட் ஆபீஸ் அனுபவம் அங்கே நல்ல சரக்கு, அதைத் தயங்காமல் முன்னால் வையுங்கள். மதுபானம் பரிமாறும் வேலை என்றால் அந்த மாநிலத்தின் ஆர்எஸ்ஏ (மதுவைப் பொறுப்போடு பரிமாறத் தெரியும் என்ற) சான்றிதழ் வேண்டும். அதற்கு முறையான குறுகிய படிப்பு இருக்கிறது, திருப்பூரில் உட்கார்ந்து இடைத்தரகரிடம் வாங்குகிற பொருள் அல்ல அது.

பயிற்றுநர் வேலையை மறந்துவிடுங்கள். பனியையே பார்க்காதவரை நாலு நாள் வகுப்பில் பயிற்றுநர் ஆக்க எந்த மலையாலும் முடியாது. உங்களுக்குக் கிடைக்கக்கூடியவை ரிசப்ஷன், ஹவுஸ்கீப்பிங், சமையலறை, லிஃப்ட் (சறுக்க வருகிறவர்களை மலைமேல் ஏற்றும் கம்பிவட நாற்காலி), பனிச்சறுக்குச் சாமான்களின் வாடகைக் கடை. லிஃப்ட் வேலை என்றால் இருட்டோடு மேலே போய், ஆட்கள் ஏறும் மேடையில் இரவு விழுந்த பனியை மண்வாரியால் வாரிச் சமப்படுத்தி, நாற்காலிகளைத் தட்டித் துடைத்து, நாள் முழுக்க 'ஸ்டாப்' பொத்தானுக்குப் பக்கத்தில் நிற்பது. வாடகைக் கடையில் வேறு மாதிரி. வருகிறவரின் எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம் எல்லாம் கேட்டு, பலகையில் காலைப் பிடித்திருக்கும் பைண்டிங்கின் இறுக்கத்தை எண் பார்த்துத் திருக வேண்டும். வெட்கப்பட்டு எடையைக் குறைத்துச் சொன்னால் பைண்டிங் தேவையில்லாமல் கழன்று ஆளை விழவைக்கும். திறமையை ஏற்றிச் சொன்னால் விழும்போது கழல வேண்டியது கழலாது, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். அதனால் ஆளைப் பார்த்தே எடை மதிப்பிடக் கற்றுக்கொள்வார்கள்.

விளையாட்டு ஆசைக்கு நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த லிஃப்டில் ஏற பாஸ் உண்டா? லிஃப்ட் ஓட்டும் ரிசார்ட்டின் நேரடி ஊழியராக இருந்தால் சீசன் பாஸ் பெரும்பாலும் வேலையோடு வரும். மலையடிவார ஊரான ஜிண்டபைனில் தனியார் ஓட்டலிலோ கடையிலோ சேர்ந்தால் பல இடங்களில் வராது. உச்ச சீசனில் ஒருநாள் டிக்கெட் 200 டாலரைத் தாண்டும், சம்பளத்தில் வாங்கிக் கட்டுப்படியாகாது. பாஸ் இருந்தால் வார விடுமுறையில் திரெட்போவின் ஃப்ரைடே ஃப்ளாட் போன்ற சாய்வு குறைந்த இடத்தில் விழுந்து எழுந்து பழகலாம். குளிர் ஒத்துக்கொள்ளுமா என்ற சந்தேகம் இருந்தால் போவதற்கு முன் குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்குப் பயிற்சி நிறுவனத்தில் ஒரு வகுப்பு போய்ப் பார்க்கலாம். மூன்றரை லட்சத்தில் சிறு பங்குதான் ஆகும்.

மணிநேரக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜூலை 2025 நிலவரப்படி அங்கே குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர், கேஷுவல் ஊழியருக்கு அதன்மேல் 25 சதவீதம் கூடுதல். ஆனால் கேஷுவல் என்றால் இத்தனை மணிநேரம் தருவேன் என்ற உறுதி கிடையாது. ஜூனில் சீசன் 'திறந்தாலும்' பல ஆண்டுகளில் மலையில் புல்தான் தெரியும், பனி ஆகஸ்டில்தான் தடிக்கும். 2024-இல் சில ரிசார்ட்டுகள் செப்டம்பரிலேயே மூட வேண்டி வந்தது. கையில் இரண்டு மாதச் செலவுக்காவது பணம் வைத்துக்கொண்டு போங்கள். தங்கும் இடத்தை முகநூல் குழுவில் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். இல்லாத அறையை வாடகைக்கு விடுவது அங்கேயும் நடக்கிற தொழில்தான்.

வரி எண்ணான டிஎஃப்என் இலவசம், அங்கே இறங்கியதும் வரித்துறை இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். அதற்கும் காசு கேட்கும் தளங்கள் இருக்கின்றன. முதல் 45,000 டாலர் வரை 15 சதவீதம் வரி. முதலாளி உங்களுக்காகக் கட்டும் 12 சதவீத ஓய்வூதியப் பணத்தை ஊர் திரும்பியபின் கேட்டு வாங்கலாம். ஆனால் இந்த விசாக்காரர்களுக்கு அதில் 65 சதவீதத்தை வரியாக எடுத்துக்கொள்வார்கள். ஓய்வுபெறும் வரை அங்கே இருக்கவே அனுமதிக்காத ஓர் ஆளுக்கு ஓய்வூதியம் சேர்ப்பானேன், பிறகு அதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கைப் பிடுங்குவானேன்? கேட்டால் சட்டம் என்பார்கள். சம்பளச் சீட்டு தராமல் இழுத்தடித்தால் 'ஃபேர் வொர்க் ஓம்பட்ஸ்மன்' அலுவலகத்தில் புகார் செய்யுங்கள், 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவை எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

கன்சல்டன்சி சொன்ன இரண்டாம் ஆண்டு விசா பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. அந்த விசாவுக்குக் குலுக்கல் கிடையாது. ஆனால் முதலாண்டில் அரசு குறிப்பிட்ட வேலையை, குறிப்பிட்ட இடத்தில், 3 மாதம் செய்திருக்க வேண்டும். 'பனிமலை கிராமப்புறம்தானே, சேர்ந்துவிடும்' என்பார்கள். சேராது. ஓட்டல், சுற்றுலா வேலை என்றால் நாட்டின் வடபகுதியிலோ, தொலைவான, மிகத் தொலைவான பகுதிகள் என்று அஞ்சல் எண் வாரியாகப் பட்டியலிட்ட ஊர்களிலோ செய்திருக்க வேண்டும். பனிமலை ரிசார்ட்டுகளின் எண்கள் அந்தப் பட்டியலில் இல்லை. வடக்கே இருக்கும் டார்வின் நகருக்குப் போகலாம் என்றால் அங்கே சுற்றுலா சூடுபிடிப்பதும் மே முதல் அக்டோபர் வரை, அதே பனிக்கால மாதங்களில். இரண்டையும் ஒரே காலத்தில் செய்ய முடியாது. ஆனால் தோட்ட வேலைக்கு விதி வேறு. பெரிஷரும் திரெட்போவும் இருக்கும் ஸ்னோயி மலைகளுக்கு மறுபக்கம் பாட்லோ என்ற ஆப்பிள் ஊர் இருக்கிறது. அங்கே ஆப்பிள் பறித்தால் கணக்கில் சேரும், மலைமேல் ஓட்டலில் தட்டு கழுவினால் சேராது. பிப்ரவரியில் போய் இறங்கி மே வரை தோட்டத்தில் இருந்துவிட்டு, ஜூனில் மலை ஏறினால் இரண்டும் கூடிவரும். கூடை கணக்கில் கூலி என்றாலும், 2022 ஏப்ரலிலிருந்து மணிநேரக் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. சம்பளச் சீட்டுகளையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். கையில் ரொக்கமாக வாங்கிய நாள்கள் எண்ணிக்கையில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பயம் நியாயமானது. வேலை நேரத்தில் அடிபட்டால் முதலாளியின் காப்பீடு பார்த்துக்கொள்ளும். விடுமுறை நாளில் சறுக்கி விழுந்தால் அது உங்கள் செலவு. அந்த நாட்டு மெடிகேர் மருத்துவ ஏற்பாடு இந்தியர்களுக்குக் கிடையாது, நிலைமை மோசமானால் ஹெலிகாப்டரில் கான்பராவுக்குக் கொண்டுபோவார்கள். இங்கே எடுக்கும் சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் பனிச்சறுக்கு 'சாகச விளையாட்டு' என்று விலக்கப்பட்டிருக்கும். அந்த விலக்கு முதல் பக்கத்தில் இருக்காது, பாலிசியின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும். பனிச்சறுக்கு, மலைமீட்பு, ஆம்புலன்ஸ், நீங்கள் அங்கே வேலை செய்வது ஆகிய நான்கும் அடங்குமா என்று காப்பீட்டு நிறுவனத்துக்கே மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலும் மின்னஞ்சலில் வந்த பிறகு பிரீமியம் கட்டுங்கள்.