"நீங்களே படியுங்கள்" என்றால் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்கு வந்தவள் நான்தான். பொறியியல் முதலாண்டு. "மீதியை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள் பேராசிரியர்கள். இரவெல்லாம் தனியாக உட்கார்ந்தும் கணிதம் பிடிபடவில்லை. குறை என்னிடம்தானா?

பதில்: இல்லை. பட்டம் பெற்ற அண்ணனோ அத்தையோ உள்ள வீட்டில், எந்தப் புத்தகம் உதவும், எந்தப் பாடத்தை முதலில் முடிக்க வேண்டும், பேராசிரியரை எப்போது போய்ப் பார்க்கலாம் என்பதெல்லாம் சாப்பிடும்போதே காதில் விழுந்துவிடும். அங்கிருந்து வருகிறவர்கள் தாமாகவே படிப்பதுபோல் தெரிவது இதனால்தான். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தமிழக அரசு 2010 முதல் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை தருகிறது. பெரிய உதவி அது. ஆனால் எப்படிப் படிப்பது என்ற விவரங்களைச் சொல்லித்தர வேண்டியது கல்லூரி. பல கல்லூரிகள் அதைத் தம் வேலையாகவே நினைப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் (கால்குலஸ்) ஏன் தோற்கிறார்கள் என்று 1970களில் கணிதக் கல்வியாளர் யூரி டிரைஸ்மன் ஆராய்ந்தார். ஆர்வம் போதாது, குடும்ப ஆதரவு இல்லை என்று ஆசிரியர்கள் ஊகித்த எதுவும் பொருந்தவில்லை. கறுப்பின மாணவர்கள் 20 பேரையும் சீன வம்சாவளியினர் 20 பேரையும் அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்க் கவனித்தார். சீன மாணவர்கள் தனியாகப் போட்ட கணக்குகளைப் பிறகு கூடி உட்கார்ந்து ஒப்பிட்டார்கள். யாருக்குமே வராத கணக்கு என்றால், அது கடினமான கணக்கு என்று புரிந்துகொண்டார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் தனியாகவே போராடி, வராத ஒவ்வொரு கணக்கையும் தங்கள் திறமைக்குறைவாக எடுத்துக்கொண்டார்கள். கடினமான கணக்குகளைக் கூடிப்போடும் வகுப்புகளை டிரைஸ்மன் தொடங்கியதும் அவற்றில் சேர்ந்தவர்களின் மதிப்பெண்கள் நன்றாக உயர்ந்தன.

நீங்களும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் தனியாகப் போட்டுப் பாருங்கள். பிறகு கூடி, ஒவ்வொரு வரியும் எப்படி வந்தது என்று தமிழிலேயே விளக்குங்கள். பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள்களையும் பக்கத்தில் வையுங்கள். பேராசிரியரிடம் "இந்த யூனிட்டே புரியவில்லை" என்று போனால் அவராலும் அதிகம் சொல்ல முடியாது. "ஐந்தாம் வரி வரை வந்தேன், ஆறாவது எப்படி வந்தது?" என்று நோட்டைக் காட்டிக் கேளுங்கள். புத்தகம் வாங்க வசதியில்லை என்றால், நூலகத்தில் பாடப்புத்தகங்களை இரவல் தரும் புத்தக வங்கி இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள்.