ஜெபத்துக்குச் சொன்னது ஊருக்குப் போனது

அன்புள்ள அம்மா,

எனக்கு 44 வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். என் கணவருக்குக் குடிப்பழக்கம் உண்டு. இதைச் சபையில் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். பெண்கள் ஜெபக்குழுவை நடத்தும் அக்கா அவர். 2011 டிசம்பரில் தானே புயலில் எங்கள் வீட்டுக் கூரை போனபோது ஒன்பது நாள் தம் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர். "ஜெபித்துக்கொள்ளுங்கள் அக்கா, வெளியே சொல்ல வேண்டாம்" என்றுதான் சொன்னேன். இரண்டே நாளில் அது ஜெபக்குறிப்பாக வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. பெயர் போடவில்லை, ஆனால் படித்த எல்லோருக்கும் யாரென்று தெரிந்தது. என் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் அப்புறம் போனே எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்த்தால் கை நடுங்குகிறது. மூன்று மாதமாகத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுக்கவில்லை. இவ்வளவு கசப்போடு எப்படிக் கை நீட்டுவது? "கிறிஸ்தவள்தானே, மன்னித்துவிடு" என்கிறார்கள். முடியவில்லையே அம்மா. நான் விசுவாசி இல்லையா?

- கடலூர் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கை நடுங்குவதை விசுவாசத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். வெளியாள் செய்திருந்தால் நாலு நாள் கோபப்பட்டு விட்டிருப்பீர்கள். சபை என்பதால் கதவைத் தாழ் போடாமல் வைத்திருந்தீர்கள், அடி உள்ளே வரைக்கும் போய்விட்டது. 55ஆம் சங்கீதத்தில் தாவீது புலம்புவதும் இதைத்தான்: பகைவன் நிந்தித்திருந்தால் சகித்திருப்பேன், என்னோடு தேவாலயத்துக்கு வந்த தோழனாயிற்றே நீ என்கிறார்.

அமெரிக்க உளவியலாளர் எவரெட் வொர்திங்டன் மன்னிப்பை ஆராய்ந்தவர். 1996 புத்தாண்டை ஒட்டி, வீட்டில் திருட வந்தவனால் தாயைப் பறிகொடுத்தவர். பழிவாங்க மாட்டேன் என்று முடிவெடுப்பது ஒன்று, மனக்கசப்பு கரைவது வேறொன்று என்று அவர் பிரிக்கிறார். கசப்பு கரைய மாதக்கணக்கில் ஆகலாம். முடிவை நீங்கள் ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றே எனக்குப் படுகிறது. கடிதத்தில் அந்த அக்காவைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. ஒன்பது நாள் சோறு போட்டதைத்தான் முதலில் எழுதியிருக்கிறீர்கள்.

அன்பு வைக்க வேண்டும் என்பதற்காக உங்கள் ரகசியங்களை மறுபடி அவரிடம் கொடுக்க வேண்டியதில்லை. அவருக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டு போங்கள், வீட்டு விஷயம் பேசாமல் திரும்பி வாருங்கள்.

அதற்கு முன்னால் ஒருநாள் தனியே போய்ப் பாருங்கள். மத்தேயு 18-இல் இயேசு சொல்வதும் தனியே பேசத்தான். "அக்கா, உங்களிடம் மட்டும் சொன்னது குழுவில் வந்துவிட்டது. எனக்கு ரொம்ப அவமானமாகப் போய்விட்டது." இவ்வளவு போதும். "ஜெபத்துக்குத்தானே போட்டேன்" என்று அவர் சொல்லலாம். மனதார நல்லது என்று நினைத்தே செய்திருக்கவும் கூடும். "இனி என்னைக் கேட்டுவிட்டுப் போடுங்கள் அக்கா" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால்? எல்லாரோடும் சமாதானமாயிருங்கள் என்று எழுதிய பவுலே 'கூடுமானால்' என்று சேர்த்துத்தான் எழுதினார், ரோமர் 12:18-ஐப் பாருங்கள்.

திருவிருந்து பற்றிப் போதகரிடம் கேளுங்கள். ஆனால் ஒன்று: இயேசு நடத்திய முதல் திருவிருந்தில், விடிவதற்குள் அவரை மறுதலிக்கப்போகும் பேதுருவும் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம், கணவரின் குடியை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். இத்தனை வருடமாக அதைத் தனியே சுமக்கிறீர்கள், சொல்ல இருந்த ஒரே இடமும் இப்போது போய்விட்டது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். கணவர் வராவிட்டாலும் பரவாயில்லை, முதலில் நீங்கள் பேசுங்கள்.