கேள்வி பதில்: பெல்ஜியத்தில் யார் யாருக்கு ஓட்டுப் போடுகிறார்கள்?

கேள்வி: பெல்ஜியத்தில் தேர்தல் முடிந்தாலும் அரசு அமைய மாதக்கணக்கில் ஆகிறதே, கட்சிகளுக்கு அப்படி என்ன பிடிவாதம்?

பதில்: பிடிவாதமும் உண்டு. ஆனால் நான் குறை சொல்வது தேர்தல் நடக்கும் விதத்தைத்தான். வடக்கே டச்சு பேசும் பிளாண்டர்ஸ், தெற்கே பிரெஞ்சு பேசும் வலோனியா, இரு மொழிக்கும் பொதுவாகத் தலைநகர் பிரஸ்ஸல்ஸ். 1968-க்கும் 1978-க்கும் இடையே கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி, லிபரல் கட்சி, சோஷலிஸ்ட் கட்சி என மூன்றுமே மொழிவாரியாகப் பிளந்துவிட்டன. அதிலிருந்து பெரும்பாலான கட்சிகள் தங்கள் மொழிக்காரர்களிடம் மட்டும்தான் ஓட்டுக் கேட்கின்றன. இரு பக்கமும் ஒரே கட்சியாக நின்று இடம் பிடிப்பது இடதுசாரித் தொழிலாளர் கட்சி ஒன்றுதான்.

2024 ஜூன் 9 தேர்தலைப் பாருங்கள். மக்களவையின் 150 இடங்களில் முதலிடம் பிடித்த என்-விஏ என்ற பிளெமிஷ் (அதாவது பிளாண்டர்ஸ்) கட்சிக்குக் கிடைத்ததே 24. அதன் அப்போதைய தலைவர் பார்ட் டி வெவர் நின்றது ஆன்ட்வெர்ப் தொகுதியில். 2025 பிப்ரவரி 3-இல் அவர் பிரதமரானார். தெற்கே வேறு தொகுதியான நமூரில் இருப்பவர் அவருக்கு ஓட்டுப் போட நினைத்தாலும் முடியாது, அவரைத் தோற்கடிக்க நினைத்தாலும் முடியாது. (அந்த முறை கட்சி வலோனியாவிலும் ஆள் நிறுத்தியது. ஓர் இடமும் கிடைக்கவில்லை.)

பிரச்சாரத்தில் மற்ற மொழிக்காரர்களை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள், முடிவு வந்ததும் அவர்களோடு உட்கார்ந்து பேரம் பேச வேண்டும். தனியாக ஆளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பிரதமர் நீங்கலாக, டச்சு அமைச்சர்களும் பிரெஞ்சு அமைச்சர்களும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 99-ஆவது பிரிவு சொல்கிறது. 2010 ஜூன் தேர்தலுக்குப் பிறகு எலியோ டி ருப்போ பிரதமராகப் பதவியேற்க 541 நாள் ஆனது. அதுவரை நாட்டை நடத்தியது காபந்து அரசு. 2011-இல் லிபியா மீதான தாக்குதலுக்குப் போர் விமானம் அனுப்பியதும் அந்த அரசுதான்!

இதற்கு ஒரு வழி 2007-லேயே சொல்லப்பட்டது. பாவியா குழு என்ற பெயரில் இரு மொழிப் பேராசிரியர்களும் சேர்ந்து, 150-இல் 15 இடங்களுக்கு மட்டும் நாடு முழுவதையும் ஒரே தொகுதியாக்கலாம் என்றார்கள். நான் முழு மனதோடு இந்தப் பக்கம்தான். பிரதமராக ஆசைப்படும் எவரும் வடக்கே கென்ட்டிலும் தெற்கே நமூரிலும் ஓட்டுக் கேட்டே ஆக வேண்டும் என்றால், பேசும் பேச்சே மாறிவிடும். யோசனை இன்னும் சட்டமாகவில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கேள்வி: அங்கே ஓட்டுப் போடாவிட்டால் அபராதமாமே?

பதில்: ஆமாம். நாடாளுமன்றத் தேர்தலில் கட்டாய வாக்களிப்பு 1893-லிருந்தே இருக்கிறது. 2024 தேர்தலின்போது முதல் தடவைக்கு 40 முதல் 80 யூரோ, மறுபடியும் தவறினால் 200 வரை போகலாம் என்று இருந்தது. நடைமுறையில் வழக்குப் போடுவது அபூர்வம். ஆனாலும் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு வந்து ஓட்டுப் போட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: பெல்ஜியத்தில் ஜெர்மன் பேசுகிறவர்களும் உண்டு அல்லவா? அவர்களுக்குத் தனித் தொகுதியா?

பதில்: கிழக்கு எல்லையில் ஒன்பது ஊராட்சிகள், 80,000-க்குச் சற்றுக் குறைவான மக்கள். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அவர்களுக்கென ஓர் இடம் உண்டு. தங்கள் நாட்டு மக்களவையில் கிடையாது. பிரெஞ்சு பேசும் லீஜ் தொகுதியோடு சேர்ந்துதான் ஓட்டு. இது சரியில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கேள்வி: மொழி எல்லையில் குடியிருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

பதில்: பிரஸ்ஸல்ஸை ஒட்டி, பிளாண்டர்ஸ் மண்ணில், லிங்கபேக், கிரைனெம் போல ஆறு ஊர்கள். பிரெஞ்சு பேசுகிறவர்கள் நிறைய. 541 நாள் இழுபறியில் பெரிய தகராறே பிரஸ்ஸல்ஸையும் சுற்றியுள்ள பிளெமிஷ் ஊர்களையும் சேர்த்திருந்த தொகுதியைப் பிரிப்பது பற்றித்தான். 2012-இல் பிரித்தார்கள். அந்த ஆறு ஊர்க்காரர்கள் மட்டும் தங்கள் பிளெமிஷ் பிராபன்ட் தொகுதியின் வேட்பாளர் பட்டியலுக்கும் போடலாம், பிரஸ்ஸல்ஸ் பட்டியலுக்கும் போடலாம். எது என்பது அவரவர் விருப்பம்.