லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) செல் லேப்ல சாகாம வளருதே, நல்ல இம்யூன் செல் மட்டும் ஏன் வளர மாட்டேங்குது?

கேள்விலயே ஒரு திருத்தம் சொல்லிடறேன். எல்லா லுகேமியா செல்லும் லேப்ல வளராதுங்க. பேஷண்ட் ரத்தத்துல இருந்து அப்பதான் எடுத்தத டிஷ்ல போட்டா பெரும்பாலும் சில நாள்லயே செத்துரும், எலும்பு மஜ்ஜைல கிடைக்கிற ஆதரவு அங்க இல்லையே. நாங்க லேப்ல வளர்க்கிற ஜுர்காட், கே562ங்கிற லுகேமியா செல் வகைங்க எல்லாம் அப்படி சாகாம தப்பிச்ச அபூர்வமான சிலதோட வாரிசுங்க. ஜுர்காட் 1970கள்ல ஒரு 14 வயசு பையனோட ரத்தத்துல இருந்து வந்தது, ஃபிளாஸ்க்ல பேர் எழுதுறப்பல்லாம் எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான் வரும்.

இதுங்களுக்கு ஆர்பிஎம்ஐ 1640ங்கிற மீடியா (செல் வளர்க்கிற சத்துத் திரவம்), 10% சீரம், 37 டிகிரி, 5% கார்பன் டை ஆக்சைடு குடுத்தா போதும். வெள்ளிக்கிழமை சிவப்பா வச்சிட்டுப் போன மீடியா திங்கட்கிழமை மஞ்சளாகி நிக்கும், அவ்வளவு வேகமா தின்னு அமிலத்த கக்கியிருக்கும். கே562ல பிசிஆர்-ஏபிஎல்னு ஒரு புரோட்டீன் இருக்கு, "ரெண்டா பிரி, ரெண்டா பிரி"னு உள்ள இருந்தே சொல்லிக்கிட்டே இருக்கும், வெளிய இருந்து யாரும் சொல்ல வேண்டாம்.

நீங்க கேட்ட நல்ல இம்யூன் செல்லுல ஒரு வகையான டி செல்லுக்கு வெளிய இருந்து யாராவது சொல்லியே ஆகணும். ரத்தத்துல இருந்து தனியா எடுத்து சும்மா வச்சா குட்டியா உருண்டையா அசையாம கிடக்கும், கொஞ்சம் கொஞ்சமா செத்துப் போகும். 1960ல பீட்டர் நோவெல்ங்கிற விஞ்ஞானிதான் பீன்ஸ்ல இருந்து எடுக்கிற பிஎச்ஏங்கிற புரோட்டீன் பட்டா இதுங்க பிரிய ஆரம்பிக்குதுன்னு காட்டினாரு (பிசிஆர்-ஏபிஎல்லுக்கு காரணமான ஃபிலடெல்பியா குரோமோசோம்ங்கிற மாறிப்போன குரோமோசோமையும் அதே வருஷம் ஹங்கர்ஃபோர்டோட சேர்ந்து சொன்னது அவரேதான், எனக்கு இது இன்னும் ஆச்சரியம்). அதுக்கப்புறம் 1976ல, இன்னிக்கு நாம இன்டர்லூகின்-2ன்னு சொல்ற, டி செல்ல வளரத் தூண்டுற புரோட்டீன வச்சு டி செல்ல வாரக்கணக்குல வளர்க்க முடிஞ்சுது. தூண்டிவிட்டு ரெண்டு நாள் கழிச்சு மைக்ராஸ்கோப்ல பாத்தா திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும், பாக்க அவ்வளவு சந்தோஷமா இருக்கும். ஆனா அதுவும் ஒரு கட்டத்துல ஓஞ்சிரும்.

நீங்க மருந்து டெஸ்ட் பண்றதா இருந்தா இத கட்டாயம் கவனிங்க. என் முதல் வருஷத்துல ஒரு காம்பவுண்ட் ஜுர்காட்ட கொன்னுச்சு, நல்ல டி செல்ல ஒண்ணும் பண்ணல, நான் குதிச்சேன். என் கைடு, டி செல்ல தூண்டிவிட்டு மறுபடி போடும்மான்னாரு. போட்டேன், அதுவும் ஜுர்காட் அளவுக்கே செத்துச்சு. அந்த காம்பவுண்ட் கேன்சர தேடிக் கொல்லல, பிரியற செல் எதுவா இருந்தாலும் கொன்னுருக்கு.