அந்த எண் எப்போது தெரியவேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நேர்காணல் நடத்துபவர்களுக்காக நானும் இரு நண்பர்களும் ஒரு செயலியை வடிவமைத்துவருகிறோம். தன்விவரக் குறிப்பைப் படித்து, ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் கொடுத்து, பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் வரிசைப்படுத்தும். முன்மாதிரியைப் பார்த்த தேர்வாளர்கள் எல்லோருக்கும் அந்த எண் பிடித்துவிட்டது. எனக்கு மட்டும் ஏதோ உறுத்துகிறது. அது வீண் தயக்கமா?

ச.

*

அன்புள்ள ச.,

வீண் தயக்கம் இல்லை. உங்களை உறுத்துவது அந்த எண்தான்.

சிவப்பில் 38 என்று கண்டவர் அந்த விண்ணப்பத்தைத் திறக்கவே மாட்டார். பச்சையில் 91 பெற்றவரிடம் கேள்விகள் தாமாகவே இளகிவிடும். தீர்ப்பை எழுதிவைத்துவிட்டுச் சாட்சி தேடுவதாக நேர்காணல் மாறிவிடும்.

இதை நான் அனுபவித்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்வுக் குழுவில் இருந்தேன். முதல் கேள்வியில் தடுமாறி, பிறகு நன்றாகவே பேசிய ஒரு பெண்ணுக்கு 7 போட்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவரின் தாளில் 3 இருந்தது. என் 7-ஐ 5 ஆக்கினேன். அந்தப் பெண் சொன்ன பதிலில் ஓர் எழுத்துகூட இடையில் மாறவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனம் கூசுகிறது.

1955-இல் இஸ்ரேல் ராணுவத்தில் ஆட்களை மதிப்பிடும் முறையைத் திருத்தும் பொறுப்பு உளவியலாளர் டேனியல் கானமனிடம் வந்தது. அதுவரை நேர்காணல் செய்தவர்கள் பொதுவாகப் பேசிப் பார்த்து, மனத்தில் பட்டதைச் சொல்லிவந்தார்கள். அந்தக் கணிப்புகள் பெரும்பாலும் பயன்படவில்லை. அவர் ஆறு பண்புகளைப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் வாழ்க்கையில் நடந்ததைப் பற்றிய கேள்விகள். ஒன்றுக்கு மதிப்பெண் போட்ட பிறகே அடுத்தது. எங்களை இயந்திரமாக்குகிறீர்கள் என்று அவர்கள் கொதித்தார்கள். சரி, ஆறையும் முடித்தபின் கண்ணை மூடி உங்களுக்குத் தோன்றும் எண்ணைப் போடுங்கள் என்றார். கடைசியில் போட்ட அந்த எண்ணும் ஆறின் கூட்டுத்தொகைக்கு நிகராகப் பலித்தது. உள்ளுணர்வை அவர் விலக்கவில்லை. அதைக் கடைசிக்குத் தள்ளினார், அவ்வளவுதான்.

உங்கள் திரையில் செய்யவேண்டியதும் அதுவே. ஒரு திரைக்கு ஒரு கேள்வி. விண்ணப்பதாரர் சொன்னதை இரண்டு வரியாவது எழுதினால்தான் மதிப்பெண் கட்டம் திறக்கவேண்டும். '4' என்றால் எத்தகைய பதில், '2' என்றால் எத்தகைய பதில் என்பதற்கு அந்த வேலையிலிருந்தே எடுத்த மாதிரிகள் பக்கத்தில் இருக்கட்டும். இவற்றை எழுதுவதுதான் உங்கள் வேலையிலேயே கடினமான பகுதி. அந்த வேலையை நன்றாகச் செய்பவர்களோடு பல நாள் உட்கார்ந்தாகவேண்டும். முந்தைய கேள்வியின் மதிப்பெண்ணும் சக தேர்வாளரின் மதிப்பெண்ணும், எல்லோரும் தத்தம் படிவத்தைப் பூட்டும்வரை தெரியக்கூடாது. கூட்டுத்தொகை அதன்பின் வரட்டும்.

இருநூறு விண்ணப்பங்களை முதலில் எப்படிச் சலிப்பது என்று தேர்வாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த வேலையிலிருந்தே ஒரு சிறு பணியை எல்லோருக்கும் கொடுத்து, பெயரை மறைத்துத் திருத்தச் சொல்லுங்கள். பழைய தேர்வுகளைப் பார்த்து மென்பொருளே கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். அமேசான் பத்தாண்டுகளில் வந்த தன்விவரக் குறிப்புகளைக் கொண்டு அப்படி ஒன்றைப் பயிற்றுவித்தது. அவற்றுள் பெரும்பாலானவை ஆண்களுடையவை. 'மகளிர் சதுரங்க மன்றத் தலைவர்' போன்ற வரி இருந்தால் அந்தக் கருவி மதிப்பைக் குறைத்தது. அது கைவிடப்பட்ட செய்தி 2018-இல் வெளிவந்தது.

இன்னொன்று. நிராகரிக்கப்பட்டவர் ஏன் என்று கேட்டால் காட்டுவதற்கு உங்கள் செயலியில் ஒரு பக்கம் இருக்கிறதா? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024-ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் ஆட்சேர்ப்புக் கருவிகளை அதிக ஆபத்துள்ளவை என்று வகைப்படுத்தியிருக்கிறது. சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்தப் பக்கத்தை முதலில் வரையுங்கள். அதில் 'உங்கள் மதிப்பெண் 38' என்று எழுதிப் பாருங்கள். பிறகு, 'இந்தக் கேள்விக்கு நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், இந்த வேலைக்கு இது தேவைப்பட்டது' என்று எழுத முயலுங்கள். இரண்டாவதை எழுதத் தேவையான எதையும் உங்கள் முன்மாதிரி இப்போது சேகரிப்பதில்லை.