மாஹோ கடற்கரை: எங்கே நிற்பது, எப்போது விலகுவது

கேள்வி: ஜனவரியில் குடும்பத்தோடு கரீபியன் கப்பல் பயணம் போகிறோம். செயின்ட் மார்ட்டின் தீவில் கப்பல் காலை 8 மணிக்கு நிற்கும், மாலை 5 மணிக்குக் கிளம்பிவிடும். 12 வயது மகனுக்கு விமானம் என்றால் உயிர். மாஹோ கடற்கரையில் தலைக்கு மேலே விமானம் இறங்குவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறான். வீடியோக்களில் எல்லாரும் ஓடுபாதை முனையில் உள்ள வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே, அவனையும் அப்படி நிறுத்தலாமா? எத்தனை மணிக்குப் போனால் பெரிய விமானங்கள் வரும்? எங்களிடம் இருப்பது சாதாரண டிஎஸ்எல்ஆர், 70-300 லென்ஸ், இரண்டு போன்கள்.

பதில்: வேலியை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். ஒரு தடவைகூட, ஒரு போட்டோவுக்காகக்கூட வேண்டாம். 2017 ஜூலை 12 அன்று, நியூசிலாந்தைச் சேர்ந்த 57 வயதுப் பெண் ஒருவர் அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிளம்பிய போயிங் 737 விமானத்தின் எஞ்சின் காற்று அவரைப் பின்னால் தூக்கி எறிந்தது. தலையில் பட்ட அடியில் இறந்துபோனார். 737 அங்கே வந்துபோகும் விமானங்களில் பெரியதும் இல்லை. உயிருக்கே ஆபத்து என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கைப் பலகை அங்கே இருக்கிறது. அதன் முன்னால் நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டு, நேராக வேலிக்குப் போகிறவர்களையும் பார்ப்பீர்கள். உங்கள் மகனும் பார்ப்பான். அதனால் காரணத்தைப் புரியவைத்தே கூட்டிப்போங்கள். விமானத்தை நேசிக்கிற பையனுக்கு இது எளிதில் புரியும்.

காரணம் காற்றில் இருக்கிறது. மாஹோவை ஒட்டியிருக்கும் பிரின்சஸ் ஜூலியானா விமான நிலையத்தில் ஓடுபாதை ஒன்றுதான். நீளம் 2,300 மீட்டர். மேற்கு முனைக்கு 10, கிழக்கு முனைக்கு 28 என்று எண். கரீபியனில் வணிகக் காற்று என்கிற நிலையான காற்று ஏறக்குறைய வருடம் முழுக்கக் கிழக்கிலிருந்து வீசும். விமானம் எதிர்க்காற்றில்தான் இறங்கும், எதிர்க்காற்றில்தான் கிளம்பும். எனவே இறங்குகிற விமானம் மேற்கே கடலின் மேலிருந்து வந்து, மாஹோ மணலைத் தாண்டி, வேலியைத் தாண்டி, ஓடுபாதையைத் தொடுகிறது. கிளம்புகிற விமானமும் அதே மேற்கு முனையிலிருந்துதான் ஓட ஆரம்பிக்க வேண்டும். அப்போது அதன் மூக்கு கிழக்கே மலையைப் பார்க்கும், வால் கடற்கரையைப் பார்க்கும். எஞ்சின் முழு வேகத்துக்குப் போகும்போது பின்னால் சீறுகிற காற்று அத்தனையும் வேலி, சாலை, மணல் என்று வரிசையாக அறைந்துவிட்டுக் கடலுக்குள் போகிறது. புயற்காற்றின் வேகத்தை அது எளிதாகத் தாண்டும்.

ஆக, ஒரே இடத்தில் இரண்டு வெவ்வேறு காட்சிகள். இறங்கும் விமானத்தின் எஞ்சின் குறைந்த விசையில் இருக்கும், அதுவும் இரண்டு மூன்று நொடியில் கடந்துவிடும். மணலில் நிற்பவருக்கு ஒரு காற்று வீச்சு, மண்ணெண்ணெய் வாடை, காதைப் பிளக்கும் சத்தம், அவ்வளவுதான். கிளம்பும் விமானம் பிரேக்கைப் பிடித்தபடி விசையை ஏற்றி, அங்கேயே நின்று, பிறகு நகரும். உங்கள் வீட்டு விதி இப்படி இருக்கட்டும்: இறங்குவதைப் பார்க்க மணலில் நிற்கலாம், கிளம்புவதைப் பார்க்க ஓரத்துக்குப் போய்விட வேண்டும்.

கிளம்பப்போகிறது என்று எப்படித் தெரியும்? அதைக் கண்டுபிடிக்கிற வேலையை மகனிடமே கொடுங்கள். இந்த ஓடுபாதைக்குப் பக்கத்தில் முழு நீளத்துக்கும் போகிற தனி டாக்ஸிவே, அதாவது விமானம் ஊர்ந்து போகும் வழி, கிடையாது. கிளம்பும் விமானம் ஓடுபாதையிலேயே கடற்கரை வரை ஊர்ந்து வந்து, முனையில் திரும்பி நின்றுகொள்ளும். தரையில் ஒரு விமானத்தின் மூக்கு உங்களைப் பார்த்து மெல்ல வருகிறதென்றால், இன்னும் ஓரிரு நிமிடத்தில் அதன் வால் உங்கள் பக்கம் இருக்கும். மூக்கைக் கண்டதும் நகர வேண்டும், வாலைக் கண்டபின் அல்ல. முதல் தடவை அதை நேரில் பார்த்தபோது நான் எதிர்பார்க்காதது மணல்தான். எஞ்சின் ஒலி உயர்ந்த மறுநொடி, கடற்கரையில் ஒரு அடி உயரத்துக்கு மணல் படுதா மாதிரி எழுந்து ஓடியது. ஒரு குடும்பத்தின் துண்டு, செருப்பு, பிளாஸ்டிக் வாளி எல்லாம் ஒரே வரிசையில் தண்ணீருக்குப் போயின. கால் முட்டிக்குக் கீழே ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. நான் நின்றது பாதையின் நடுவில்கூட இல்லை.

தண்ணீருக்குள் நின்றால் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் தவறு. மாஹோவில் கரை சட்டென்று சரிகிறது, அலை கரையிலேயே உடைகிறது. முதுகில் எஞ்சின் காற்று, முகத்தில் அலை என்று ஒரே நேரத்தில் வந்தால் பெரியவர்களே தடுமாறுகிறார்கள். குளிர்காலத்தில் பெரிய அலை அடித்த சில நாட்களில் மணலே பெருமளவு காணாமல் போய்ப் பாறை தெரியும். அப்படி இருந்தால் ஓரத்திலேயே இருந்து பாருங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

இனி நேரம். காலையில் சிறிய விமானங்கள்தான் அதிகம். வட அமெரிக்காவிலிருந்து வரும் 737, ஏ320 வகைகள் நண்பகலை ஒட்டி வரத் தொடங்கி, பிற்பகல் 3, 4 மணி வரை அடுத்தடுத்து இறங்கும். ஐரோப்பாவிலிருந்து ஏர் பிரான்ஸும் கேஎல்எம்மும் கொண்டுவருகிற அகல உடல் (உள்ளே இரண்டு நடைவழி உள்ள பெரிய) விமானங்களுக்கும் பிற்பகல்தான் நேரம். ஆனால் அவை தினமும் வருவதாக எண்ணிப் போக வேண்டாம். உங்கள் கப்பல் நிற்கிற கிழமையில் வருகிறதா என்று இரண்டு நாள் முன்னதாக விமான நிலையத்தின் வருகைப் பட்டியலிலோ பிளைட்ரேடார்24 செயலியிலோ பாருங்கள். அது சனிக்கிழமையாக அமைந்தால் அதிர்ஷ்டம், சீசனில் நெரிசலான நாள் அதுதான். கடற்கரையின் தெற்கு ஓரத்தில் இருக்கும் சன்செட் பாரில், அன்றைய பெரிய விமானங்களின் நேரத்தை ஒரு சர்ஃப் பலகையில் எழுதி வைப்பது வழக்கம். அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்காமல் எந்தப் பையனும் திரும்புவதில்லை.

அவன் பார்த்த வீடியோக்களில் நீல நிற 747 இருந்திருக்கும். அதற்கு இப்போதே தயார்ப்படுத்துங்கள். கேஎல்எம் நிறுவனத்தின் 747 இந்தத் தீவுக்கு வந்து போனது 2016 அக்டோபரோடு முடிந்துவிட்டது. இல்லாததைத் தேடி ஏமாறுவதைவிட, இருப்பதில் ஒன்றை அவனுக்குக் காட்டுங்கள். சுழலி (ப்ரொபெல்லர்) மாட்டிய இரண்டு எஞ்சின், மேலே பொருத்திய இறக்கை, உள்ளே போகாத சக்கரம் என்று ஒரு குட்டி விமானம் அடிக்கடி வந்துபோகும். வின்ஏர் நிறுவனத்தின் ட்வின் ஆட்டர் அது. கூட்டம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனால் அந்த விமானம்தான் பக்கத்திலுள்ள சாபா தீவில், வெறும் 400 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதையில், இரண்டு முனையிலும் கடலில் முடிகிற பாறை விளிம்புக்கு நடுவே இறங்குகிறது. பயணிகள் விமானம் வந்துபோகும் ஓடுபாதைகளில் உலகிலேயே சிறியது அது. இதைச் சொன்னபின் அவன் அந்தக் குட்டி விமானத்தைப் பார்க்கிற விதமே மாறிவிடும்.

எவ்வளவு தாழ்வாக வரும் என்று கேட்பான். கணக்கு சுலபம். வழக்கமான இறங்கு கோணம் 3 டிகிரி. ஓடுபாதை தொடங்கும் கோட்டை விமானம் சுமார் 15 மீட்டர் உயரத்தில் கடக்கும். அந்தக் கோட்டுக்கு ஒவ்வொரு 100 மீட்டர் முன்னாலும் சுமார் 5 மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். ஆக, மணலில் நிற்பவருக்கு மேலே ஏறத்தாழ 20 மீட்டர், சில சமயம் அதற்கும் கீழே. ஒரு 737 அப்போது நொடிக்கு ஏறக்குறைய 70 மீட்டர் வேகத்தில் வருகிறது. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் தெரிகிற விமானம் 14 நொடியில் தலைக்கு மேல் இருக்கும்.

கேமராவுக்கு இந்த 14 நொடிதான் முக்கியம். 300-ல் தொடங்குங்கள். விமானம் நேராக வரும்போது விளக்கு எரிகிற முகமும் கீழே கடலும் சேர்ந்து விழும். அது நெருங்க நெருங்க 70 வரை இழுத்துக்கொண்டே வாருங்கள். ஆனால் தலைக்கு மேல் வந்த நொடிக்கு அந்த லென்ஸ் உதவாது. 737-இன் இறக்கை நுனிக்கு நுனி சுமார் 36 மீட்டர். 20 மீட்டர் தூரத்திலிருந்து அதை முழுதாகப் பிடிக்க 84 டிகிரி கோணம் வேண்டும். 60 மீட்டர் இறக்கை உள்ள ஏ330-க்கு 113 டிகிரி. உங்கள் போனில் 0.5 என்று ஒரு அகல லென்ஸ் இருந்தால் அந்த வேலைக்கு அதுதான். ஒருவர் கேமரா, ஒருவர் போன் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் இரண்டையும் செய்யப் பார்த்தால் இரண்டும் போகும். மகனிடம் முதல் விமானத்துக்கு மட்டும் எதையும் கொடுக்காதீர்கள். வெறும் கண்ணால் பார்க்கட்டும், பிறகு எடுக்கட்டும்.

ஷட்டர் வேகம் ஜெட்டுக்கு 1/1000 அல்லது அதற்கு மேல். ட்வின் ஆட்டருக்கு அதே வேகத்தில் எடுத்தால் சுழலி அப்படியே உறைந்து, விமானம் கயிற்றில் தொங்குகிற பொம்மை மாதிரி தெரியும். 1/250-க்கு, கை பழகியபின் 1/160-க்கு இறக்கி, விமானத்தோடு சேர்ந்து கேமராவை ஓட்டிக்கொண்டே எடுங்கள். பத்தில் எட்டு கலங்கும், மீதி இரண்டு உயிரோடு இருக்கும்.

வெளிச்சத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை, படத்தைத் தீர்மானிப்பதோ அதுதான். விமானம் மேற்கிலிருந்து வருகிறது. காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், வருகிற முகம் பளிச்சென்று இருக்கும். பெரிய விமானங்கள் வரும் பிற்பகலிலோ சூரியன் தென்மேற்குக்குப் போய்விடும். நடுமணலில் நின்று நேராகப் பார்த்தால் கறுப்பு உருவம்தான் கிடைக்கும். எனவே மதியத்துக்குப் பிறகு கடற்கரையின் தெற்கு ஓரத்துக்கு, அதாவது சர்ஃப் பலகை இருக்கும் பக்கத்துக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து வடமேற்கே பார்த்தால் விமானத்தின் வலப்பக்கம் முழுக்க வெயில் விழும், கீழே பச்சை நீலக் கடல், சற்றுத் தள்ளி அண்ணாந்து நிற்கிற கூட்டம். என் கண்ணுக்கு, தலைக்கு மேல் எடுத்த வயிற்றுப் படத்தைவிட இதுதான் அந்த இடத்தைச் சரியாகக் காட்டுகிறது. எஞ்சின் காற்றின் பாதையிலிருந்து விலகி நிற்கவும் அதே ஓரம்தான் வசதி. நல்ல படமும் பாதுகாப்பும் ஒரே இடத்தில் கிடைப்பது இந்தப் பொழுதுபோக்கில் அபூர்வம்.

கடற்கரையில் லென்ஸைக் கழற்றி மாட்டவே கூடாது. கிளம்பும் விமானம் ஒவ்வொன்றுக்கும் கேமராவைப் பைக்குள் போட்டு மூடுங்கள். ஜூம் வளையத்துக்குள் போன உப்பு மணல் நறநறவென்று அரைக்கும், அதை வீட்டில் எடுக்க முடியாது. பையனுக்கு நுரைக் காதடைப்பானும் பக்கவாட்டு மூடிய கண்ணாடியும் கட்டாயம். தொப்பி வேண்டாம், பறந்தால் பின்னாலேயே ஓடுவான், வேலிக்கும் மணலுக்கும் நடுவே வண்டி ஓடுகிற சாலை இருக்கிறது. டிரோன் எடுத்துப்போகவே வேண்டாம்.

இனி கப்பலுக்குத் திரும்புவது. நீங்கள் இறங்குவது தலைநகர் பிலிப்ஸ்பர்க் பக்கம், மாஹோ இருப்பது தீவின் மேற்கில். தூரம் குறைவு, ஆனால் நடுவில் சிம்ப்சன் பே பாலம் இருக்கிறது. படகுகள் காயலுக்குள் போய்வர நாளில் பல தடவை அந்தப் பாலம் திறக்கும், அப்போது வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். பிற்பகலில் பாலம் திறக்காமலேயே அந்தச் சாலை திணறும். காலையில் 10 மணிக்குள் மாஹோ போய்விடுங்கள், சிறிய விமானங்களோடு இடத்தைப் பழகிக்கொள்ளுங்கள், 12 முதல் 2:30 வரை பெரிய விமானங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் இருக்க ஆசைப்படாதீர்கள். டாக்ஸிக்கு மீட்டர் கிடையாது, அரசு நிர்ணயித்த கட்டணம். ஏறும் முன் எத்தனை பேருக்கு எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள், அமெரிக்க டாலரே போதும்.

கடிகாரத்தையும் பாருங்கள். தீவு வருடம் முழுக்க ஒரே நேரத்தில் ஓடுகிறது. ஜனவரியில் அது மயாமி நேரத்துக்கு ஒரு மணி முன்னால். கப்பல் எந்த நேரத்தை வைத்திருக்கிறது என்று இறங்கும்போதே கேளுங்கள். விமானப் பட்டியலில் இருப்பது தீவின் நேரம், கப்பலின் 5 மணி வேறாக இருக்கக்கூடும்.

கப்பல் கிளம்பும்போது மகனை மேல்தளத்தில் மேற்கைப் பார்க்கிற பக்கத்துக்குக் கூட்டிப்போங்கள். கிளம்பும் விமானங்களுக்கு எதிரே மலை இருப்பதால், எழுந்த சற்று நேரத்திலேயே வலப்பக்கம், கடலை நோக்கித் திரும்பும். மதியம் தலைக்கு மேல் இறங்கிய விமானம் ஒன்று அந்த வேளையில் திரும்பிப் போகிறதென்றால், வானம் தெளிவாக இருந்தால், அது சாய்ந்து திரும்புவதை அங்கிருந்தே அவன் பார்த்துவிடலாம்.